பட்டனை அழுத்துமுன் ஒரு நிமிடம்: களுவாஞ்சிக்குடிக் கைபேசிக் கடைக்காரருக்கு ஒரு திறந்த மடல்

களுவாஞ்சிக்குடிப் பிரதான வீதியிலும் சந்தையடியிலும், வடக்கே களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம் வரையும், தெற்கே ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு வரையும் கைபேசிக் கடை வைத்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நான் முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்து இளைப்பாறியவன். காசுக்கட்டளை எழுதினேன், சேமிப்புப் புத்தகத்தில் தொகை பதிந்தேன், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்களுடைய கடிதங்களை வாசித்துக் காட்டினேன். அன்று எங்கள் மேசைக்கு வந்த அதே சனம் இன்று உங்கள் மேசைக்கு வருகிறது. தூரத்தில் இருக்கும் பிள்ளையோடு பேச, காசு அனுப்ப, காசு எடுக்க, விண்ணப்பம் நிரப்ப என்று நாங்கள் செய்த வேலையெல்லாம் இப்போது உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான் கொம்பனிகளுக்கும் பொலிஸாருக்கும் எழுதுமுன் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். கடையில் ஆள் குறைந்த ஒரு நேரத்தில் இதை முழுவதும் வாசித்துவிடுங்கள்.

போன மாரிக்கு முன்னர் என் மூத்த அக்கா பட்டிருப்புப் பாலம் தாண்டி களுவாஞ்சிக்குடிக்கு வந்தா. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயலும் நாலு மாடும்தான் அவவின் சீவியம். மழைக்கு முன் கூரைத் தகடு மாற்ற வேண்டும் என்று நெல் விற்ற காசைக் கொட்டப்பெட்டியில் முடிந்து வைத்திருந்தா. பஸ்ஸில் வரும்போதே போன் காதில் இருந்திருக்கிறது. மறுமுனையில் ஒருவன், நல்ல மரியாதைத் தமிழில், "அம்மா, உங்கட நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கு. வரியை மட்டும் முதலில் கட்டோணும். வீட்டில சொல்லிப்போடாதீங்க, வேற ஆக்கள் உங்கட பேரைச் சொல்லி எடுத்திருவாங்க. போனை வைக்காம அப்படியே கடைக்குப் போங்க" என்றிருக்கிறான். அக்கா அப்படியே ஒரு கடைக்குப் போனா. முதலில் பத்தாயிரம், மறுகா பதினையாயிரம், மறுகா பதினேழாயிரம். மூன்று தரமும் நம்பரைச் சொன்னா, மூன்று தரமும் கடைக்காரத் தம்பி அனுப்பினார். கடையில் சனம் நெருக்கம். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. காசு போய்ச் சேர்ந்த பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

பதினொரு நாள் அக்கா யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெட்கம். "எனக்குப் புத்தி இல்லாமப் போச்சே" என்பதைத் தவிர அவவிடமிருந்து வேறு சொல் வரவில்லை. காசு போனதைவிட அந்தச் சொல்தான் என்னை உலுக்கியது. நாற்பது வருடம் வெள்ளத்தோடும் யானையோடும் போரோடும் மல்லுக்கட்டி வயல் செய்த ஒரு மனுஷி தன்னைப் புத்தியில்லாதவள் என்று சொல்லிக்கொள்ள வேண்டி வந்தது.

அந்தத் தம்பியின் பெயரையோ கடையின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. சட்டப்படி அவர் பிழை எதுவும் செய்யவில்லை. வாடிக்கையாளர் சொன்ன நம்பருக்கு, அவர் தந்த காசை அனுப்பினார். அவரைக் குற்றவாளியாக்க இந்த மடல் எழுதப்படவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

அக்காவை ஏமாற்றியவன் நூறு மைல் தள்ளி இருந்திருக்கலாம். ஆனால் அவன் தனியாக அதைச் செய்திருக்க முடியாது. அவனுக்கு மூன்று மேசைகள் தேவைப்பட்டன. முதலாவது, அவன் பேசிய சிம்மை வேறொருவரின் அடையாள அட்டையில் பதிந்து கொடுத்த மேசை. இரண்டாவது, அக்காவின் காசை அனுப்பிய மேசை. மூன்றாவது, அந்தக் காசை எவன் வந்து கேட்டாலும் அட்டையை ஒழுங்காகப் பாராமல் எடுத்துக் கொடுத்த மேசை. மூன்றும் உங்களைப் போன்றவர்களின் மேசைகள். மூன்றில் ஒன்றில் ஒரே ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் சங்கிலி அறுந்திருக்கும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம் இருக்கிறது. 1996இல் அதைத் திருத்தி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை அமைத்தார்கள். 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டம், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. அவையெல்லாம் காசு போன பிறகு விழிக்கும் சட்டங்கள். அக்கா பொலிஸ் நிலையத்துக்குப் போகலாம், முறைப்பாடு எழுதலாம். அந்த முறைப்பாடு கொழும்பிலுள்ள கணினிக் குற்றப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து கொம்பனிக்குப் போய், சிம்மின் சொந்தக்காரரைத் தேடினால், தன் அட்டையில் அப்படி ஒரு சிம் இருப்பதே தெரியாத இன்னொரு அப்பாவிதான் அகப்படுவார். கள்ளனுக்கு நிமிடங்கள் போதும். சட்டத்துக்கு மாதங்கள் வேண்டும். இந்த ஓட்டத்தில் காலம் நம் பக்கம் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று: நீங்கள் பட்டனை அழுத்துவதற்கு முந்திய அந்த நிமிடம்.

தபால் கந்தோரில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தச் சுற்றறிக்கையும் அதைச் சொல்லித் தரவில்லை. வயதான ஒருவர் சேமிப்புப் புத்தகத்தோடு வந்து வழமையில்லாத ஒரு பெருந்தொகையைக் கேட்டால், முத்திரை குத்துமுன் "எதுக்குகா இவ்வளவும்?" என்று கேட்போம். மகளின் கலியாணம் என்பார்கள், மருந்து என்பார்கள், காணி ஈடு மீட்க என்பார்கள். சிரித்துக்கொண்டே கொடுப்போம். சிலவேளை பதில் வராது. பின்னால் யாராவது ஒருவன் அவசரப்படுத்திக்கொண்டு நிற்பான். அப்போது "நாளைக்கு வாங்க, இண்டைக்குக் காசு குறைவு" என்று அனுப்பிவிடுவோம். அடுத்த நாள் பலர் திரும்பி வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு தடவை நான் கேட்காமல் விட்டேன். மாத முடிவு, கணக்கு முடிக்கும் அவசரம். ஒரு விதவைத் தாய் தன் பேரன் என்று சொல்லிக்கொண்ட ஒருவனோடு வந்தா. கேட்ட தொகையை எண்ணிக் கொடுத்தேன். அவன் பேரனில்லை என்று ஒரு கிழமைக்குப் பிறகு தெரிந்தது. விதிப்படி என்மேல் பிழையில்லை. கையெழுத்து சரி, புத்தகம் சரி. ஆனாலும் அந்தத் தாய் அதற்குப் பிறகு கந்தோர் வாசலைக் கடந்து போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அக்கா விடயத்தில் அந்தத் தம்பியும் இன்று அப்படித்தான் இருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாரம் உங்களில் இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதும் இந்த மடலுக்கு ஒரு காரணம்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாததல்ல. ரீலோட்டில் கிடைப்பது சொற்பக் கழிவு. அதில் கடை வாடகை, மின்கட்டணம், கூட நிற்கும் பிள்ளையின் சம்பளம். 2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது கடையை எப்படித் திறந்து வைத்திருந்தீர்கள் என்று பார்த்தவன் நான். அதே வருடம் செப்டெம்பரில் தொலைபேசிக் கட்டணங்கள் நூற்றுக்கு 20 கூடின. 2024 ஜனவரியிலிருந்து கைபேசிகள் மீதும் 18 வீத வற் வரி விழுந்தது. வாங்க வருபவர் விலையைக் கேட்டுவிட்டு உங்களைத்தான் ஏசிவிட்டுப் போகிறார். கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்க, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் உடைந்த போன்களைக் கடனுக்குத் திருத்திக் கொடுத்துப் படிக்க வைத்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அந்த மனம் உங்களிடம் இருப்பதை நம்பித்தான் இதைக் கேட்கிறேன்.

"ஐயா, பெரிய கொம்பனிகளை விட்டுவிட்டு எங்களிடம் ஏன் வாறீங்க?" என்று நீங்கள் கேட்பது நியாயம். அவர்களை நான் விட்டுவிடவில்லை. தெற்காசியாவிலேயே முதன்முதலில் கைபேசிச் சேவை தொடங்கியது இந்த நாட்டில்தான், 1989இல், செல்டெல் என்ற கொம்பனி. பின்னர் எத்தனையோ கொம்பனிகள் வந்தன, ஒன்றையொன்று விழுங்கின. 2024இல் எயார்டெல்லும் டயலொக்கோடு சேர்ந்த பிறகு டயலொக், எஸ்.எல்.டி-மொபிடெல், ஹட்ச் என்று மூன்றே மிஞ்சின. மூன்று பேர் மட்டும் ஆளும் சந்தையில் அந்த மூவருக்கும் பொறுப்பு மும்மடங்கு. ஒரே நாளில் முன்பின் தெரியாத இருபது பேரிடமிருந்து காசு பெற்று உடனுக்குடன் வெளியே எடுக்கும் ஒரு கணக்கை அவர்களுடைய கணினிகள் காணவேண்டும். காணாமற்போன காசைப் பற்றித் தமிழில் சொல்லித் தமிழிலேயே பதில் பெற வழி வேண்டும். அக்காவுக்காக நான் ஒரு உதவி எண்ணை அழைத்து, தமிழைத் தெரிவுசெய்து, பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் வந்த குரலுக்குத் தமிழ் தெரியவில்லை. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்கிறது. பதறிப்போன ஒரு மனுஷிக்கு அந்த வசனத்தால் அந்த நேரத்தில் என்ன பயன்? இவற்றையெல்லாம் ஆணைக்குழுவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். ஆணைக்குழுவின் 1900 என்ற எண் உங்களுக்கும் உரியது.

ஆனால் கொழும்பு திருந்தும்வரை அக்காமார் காத்திருக்க முடியாது. அவர்கள் வருவது உங்களிடம்.

சிம் பற்றி முதலில் சொல்கிறேன். உங்களில் பலர் போர் முடிந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் இந்தக் கரையில் கைபேசி பரவலானது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சண்டை மீண்டும் மூண்டபோது, சிம் தன்னுடையதுதான் என்று காட்டும் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியில் இறங்கி நின்ற தலைமுறை எங்களுடையது. "இந்த நம்பர் ஆருடைய பேரில?" என்ற கேள்விக்குப் பதில் தடுமாறினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஒருவரின் அடையாள அட்டையில் அவருக்குத் தெரியாமல் இன்னொரு சிம்மைப் பதிவது, மாத இலக்கை எட்ட நீங்கள் செய்யும் சின்ன வேலையாகத் தோன்றலாம். அந்தச் சிம்மால் ஒரு குற்றம் நடந்தால், விடியற்காலையில் பொலிஸ் வந்து கதவைத் தட்டப்போவது குருமண்வெளியிலோ எருவிலிலோ இருக்கும் ஒரு மீனவரின் வீட்டில். இந்த மண்ணில் பிறந்த எவரும் அந்தத் தட்டலை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

அதனால், ஆள் நேரில் வராமல் சிம் கொடுக்காதீர்கள். பிரதி எடுத்த அடையாள அட்டைகளை லாச்சியில் குவித்து வைக்காதீர்கள். அந்தத் தாள் ஒவ்வொன்றும் ஒருவருடைய பெயர், பிறந்த திகதி, விலாசம். வேலை முடிந்ததும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் முன்னாலேயே கிழித்துப் போடுங்கள்.

அடுத்தது பழைய போன்கள். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் கோயில் திருவிழாச் சனத்திலும் போன் பறிபோகிறது. களவெடுத்தவன் அதை வைத்து அழகு பார்ப்பதில்லை. வாங்க ஒரு கடை இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் களவெடுக்கிறான். பெட்டியும் பற்றுச்சீட்டும் இல்லாமல், கடவுச்சொல்லும் தெரியாமல் ஒருவன் கொண்டுவரும் போனைப் பாதி விலைக்கு வாங்கும் கணத்தில் அந்தக் களவு பூர்த்தியாகிறது. களவுப் பொருளை அறிந்து வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதைத் தவிர்ப்பது இப்போது கடினமுமல்ல. நட்சத்திரம், சதுரக்குறி, சைபர் ஆறு, சதுரக்குறி என்று அழுத்தினால் போனின் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ எண் திரையில் வரும். ஐ.எம்.இ.ஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது ஆணைக்குழுவில் பதிந்த போனா இல்லையா என்று பதில் வரும். பதியாத போன்கள் இனிப் புதிதாக வலையமைப்பில் இணைய முடியாது என்று 2025 ஜனவரியில் ஆணைக்குழு அறிவித்தது. காணாமற்போன போன்களைப் பற்றி முறையிட ஐ-நீட் என்ற பொலிஸ் இணையத்தளம் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத ஒருவர் போன் தொலைந்தது என்று அழுதுகொண்டு வந்தால், அந்த முறைப்பாட்டை நிரப்பிக் கொடுக்க உங்களைவிடத் தகுதியானவர் இந்த ஊரில் யார்? பழைய போன் வாங்கும்போது விற்றவரின் பெயரும் போனின் எண்ணும் எழுத ஒரு கொப்பி வையுங்கள். நேர்மையாக விற்க வந்தவர் எழுதத் தயங்கமாட்டார். தயங்குகிறவரின் போனை நீங்கள் வாங்காமல் விடுவது உங்களுக்கே பாதுகாப்பு.

மூன்றாவது விடயம் சொல்லக் கூசுகிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் இந்த மடல் அரைகுறை. திருத்தக் கொடுத்த போனிலிருந்து பெண்பிள்ளைகளின் படங்கள் வெளியே போகின்றன. பெரும்பாலான கடைகளில் அப்படி நடப்பதில்லை என்று எனக்குத் தெரியும். எங்கோ ஒரு கடையில், எவனோ ஒருவனால் நடந்தாலும், அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு வரும் அழைப்புகளும் மிரட்டல்களும் காசு கேட்பதும் ஒரு குடும்பத்தையே தின்றுவிடும். இந்தச் சமூகத்தில் படம் எடுத்தவனையும் பரப்பியவனையும் விட்டுவிட்டு அந்தப் பிள்ளையின் படிப்பைத்தான் நிறுத்துவோம். அனுமதியில்லாமல் இன்னொருவரின் கருவியைத் துழாவுவது கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். அதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது. போனைக் கையில் தருபவர் தன் வீட்டுத் திறப்பை உங்களிடம் தருகிறார். கடையில் வேலை பழகும் பையன்களுக்கு ஸ்குரூ கழற்றச் சொல்லிக் கொடுக்குமுன் இதைச் சொல்லிக் கொடுங்கள். முடிந்தவரை சொந்தக்காரர் முன்னாலேயே திருத்துங்கள். கடவுச்சொல் தேவையில்லாத வேலைக்குக் கடவுச்சொல் கேட்காதீர்கள். மிரட்டலுக்கு ஆளான பிள்ளை ஒருத்தி உங்களிடம் வந்து சொன்னால், பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 என்ற எண்களைச் சொல்லுங்கள். காசு கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். கொடுத்தால் திரும்பவும் கேட்பான்.

இனிக் காசு அனுப்பும் மேசைக்கு வருகிறேன். இந்த மோசடிகளுக்கு ஒரு முகச்சாயல் இருக்கிறது. பரிசு என்பார்கள், பொதி என்பார்கள், வேலை என்பார்கள், கடன் என்பார்கள். பெயர் மாறும், சாயல் மாறாது. அவசரப்படுத்துவார்கள், இரகசியம் காக்கச் சொல்வார்கள், அழைப்பைத் துண்டிக்க விடமாட்டார்கள். தபால் திணைக்களத்தின் பெயரில், உங்கள் பொதி தேங்கிக் கிடக்கிறது, இந்த இணைப்பில் போய் வங்கி அட்டை இலக்கத்தைப் போடுங்கள் என்று குறுஞ்செய்தி வருகிறது. திணைக்களம் அப்படிக் கேட்பதில்லை என்று அதில் ஆயுள் கழித்த என் வாக்காகவே சொல்லுங்கள். தெரிந்தவரின் வாட்ஸ்அப்பிலிருந்து "ஆறு இலக்கம் ஒன்று வந்திருக்கும், அனுப்பு" என்று கேட்பது அந்தத் தெரிந்தவர் அல்ல. அவருடைய கணக்கைப் பிடித்துக்கொண்டவன். வீட்டிலிருந்து வேலை என்று டெலிகிராமில் சேர்த்து, முதல் நாள் ஆயிரம் ரூபாய் தந்து, பத்தாம் நாள் இலட்சம் வாங்குகிறார்கள். நுண்கடனால் ஏற்கெனவே நொந்துபோன பெண்கள் நிறைந்த மாவட்டம் இது. அவர்களின் போனில் உடனடிக் கடன் செயலி ஒன்று ஏறினால், தவணை தவறும் நாளில் தொடர்புப் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் அவமானச் செய்தி போகும்.

இவற்றின் பின்னால் இருப்பவர்கள் சில்லறைக் கள்ளர்கள் மட்டுமில்லை. 2024 ஜூனில் மடிவெல, பத்தரமுல்ல, நீர்கொழும்புப் பகுதிகளில் வீடுகளை வாடகைக்கு எடுத்து இணைய மோசடி நடத்திய நூற்றுக்கு மேற்பட்ட இந்திய நாட்டவர் பிடிபட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் இருநூறுக்கு மேற்பட்ட சீன நாட்டவர். மறுபக்கம், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடி முகாம்களில் அடைபட்டு, அடி வாங்கிக்கொண்டு, உலகத்தின் வேறு மூலையிலுள்ளவர்களை ஏமாற்ற வைக்கப்பட்டார்கள். ஆக, போனின் மறுமுனையில் பேசுபவனே ஒரு கைதியாக இருக்கலாம். இவ்வளவு பெரிய இயந்திரமும் கடைசியில் நம் ஊரில் ஒரு வாடகைச் சிம்மையும், இரண்டாயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தன் வங்கிக் கணக்கை இரவல் கொடுத்த ஒரு இளைஞனையும், நிமிர்ந்து பார்க்காத ஒரு மேசையையும் நம்பித்தான் ஓடுகிறது.

எல்லாரையும் சந்தேகி, வருபவரைத் துருவித் துருவி விசாரி என்று நான் சொல்லவில்லை. கண்காணிப்பு என்ற பெயரில் எங்கள் சனம் பட்டது போதும். யார் யாரோடு பேசுகிறார் என்பது உங்கள் வேலையுமல்ல, அரசாங்கம் உங்களிடம் கேட்கக்கூடியதுமல்ல. நான் கேட்பது ஊர்ப் பழக்கமான ஒரு விசாரிப்பு. நாலு வீடு தள்ளியுள்ள ஆச்சி வெயிலில் வேகமாகப் போனால் "எங்ககா இந்த ஓட்டம்?" என்று கேட்போமே, அந்தக் கேள்வி. அதை உளவு என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

ஒருவர் போனைக் காதில் வைத்தபடி வந்து, கையில் எழுதாத ஒரு நம்பரை மறுமுனையில் கேட்டுக் கேட்டுச் சொல்லி, காசு போடச் சொன்னால், பட்டனில் விரலை வைக்காதீர்கள். "அம்மா, போனைக் கொஞ்சம் வைச்சிட்டுச் சொல்லுங்க, இது ஆருக்குப் போகுது? உங்களுக்கு நேரில தெரிஞ்ச ஆளா?" என்று கேளுங்கள். பரிசு, வரி, பதிவுக் கட்டணம் என்ற சொற்களில் ஒன்று வந்தால், ஒரு கதிரை போட்டு இருத்தி, அவருடைய மகனையோ மகளையோ அழைக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். அக்காவிடம் யாராவது அந்த நிமிடம் போனை வைக்கச் சொல்லியிருந்தால், அவனுடைய குரல் காதிலிருந்து இறங்கியிருக்கும், அவவின் சொந்தப் புத்தி திரும்பி வந்திருக்கும்.

"நான் கேட்டால் பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க" என்று சொல்வீர்கள். உண்மை. ஒரு கடை மட்டும் கேட்டால் அந்தக் கடைக்கு நட்டம், கள்ளனுக்கு நட்டமில்லை. அதனால்தான் இந்த மடலை உங்களில் ஒருவருக்கு எழுதாமல் எல்லாருக்கும் எழுதினேன். ஒரு போயா நாளில், கடை பூட்டிய பிறகு, ஒரு மணித்தியாலம் ஒன்றாக உட்காருங்கள். வர்த்தகர்களில் மூத்தவர்களையும் பிரதேச செயலகத்தில் ஒருவரையும் பொலிஸ் நிலையத்தில் தமிழ் பேசும் ஒருவரையும் அழையுங்கள். நான்கு விடயத்தில் ஒரே சொல்லாக நில்லுங்கள். ஆள் வராமல் சிம் இல்லை. எண்ணைச் சோதித்து எழுதாமல் பழைய போன் வாங்குவதில்லை. திருத்த வந்த போனுக்குள் பார்ப்பதில்லை. கேட்காமல் காசு அனுப்புவதுமில்லை, அட்டை பாராமல் எடுத்துக் கொடுப்பதுமில்லை.

எல்லாக் கடையும் கேட்டால் அது தொந்தரவாகத் தோன்றாது, ஊர் வழக்கமாகிவிடும். அதை ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே மாட்டுங்கள். "இந்தக் கடையில் காசு அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்போம், கோபிக்க வேண்டாம்" என்று எழுதினால் போதும். கீழே ஆணைக்குழுவின் 1900, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101, மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவின் 1935 என்ற மூன்று எண்களையும் போடுங்கள். பலகைக்கும் வர்ணத்துக்கும் ஆகும் செலவை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். முதல் பலகையை எழுதும் கடை எது என்று மட்டும் சொல்லியனுப்புங்கள், நான் நேரில் வருவேன்.

அக்கா இன்னும் அந்த ஓட்டைக் கூரையின் கீழ்தான் இருக்கிறா. மழை நாட்களில் மூன்று சட்டிகள் வைத்து ஒழுக்கைப் பிடிக்கிறா. அறுவடை முடிந்ததும் திரும்பவும் சிறிது சிறிதாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறா. தகடு வாங்க ஒரு நாள் பட்டிருப்புப் பாலம் தாண்டி வருவா. அவவைப் போல வாவிக்கு அப்பாலிருந்தும், மண்டூரிலிருந்து படகேறியும் இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர் போனைக் காதில் வைத்தபடி உங்கள் மேசைக்கு முன் வந்து நிற்கும்போது, தயவுசெய்து நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு, கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளன்,
இளைப்பாறிய தபால் ஊழியன் ஒருவன்,
களுவாஞ்சிக்குடி.